மாப்பனிக்கு எந்த எஞ்சின்

இரண்டாயிரத்தொன்பதின் இலையுதிர்கால ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஆட்டிறைச்சிக் கறியின் மணம். அடுத்தது, அந்த மணத்துக்குள் இருந்துகொண்டு இரண்டு ஆண்கள் எஞ்சினைப் பற்றிப் பிடிக்கிற சண்டை. லண்டனின் ஃபாரஸ்ட் கேட் பகுதியில் ஒரு வீட்டின் மேலறையில் நான் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரரை அண்ணை என்று கூப்பிடுவேன், உறவில்லை. அவருடைய மனைவி எனக்கு அக்கா. அக்காவின் தம்பி டூட்டிங்கில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். ஞாயிறுதோறும் ஆற்றைக் கடந்து சாப்பிட வருவார். அவரையும் நான் அண்ணை என்றே கூப்பிட்டேன், ஆனால் இங்கே குழப்பம் வராமல் டூட்டிங் அண்ணை என்று எழுதுகிறேன்.

இரண்டு பேரும் ஊரிலிருந்து நேரே லண்டனுக்கு வந்தவர்கள் அல்ல. அண்ணை சுவீடனின் வடக்கே ஒரு மலைவிடுதியில் வேலை செய்தவர். பனிக்காலத்தில் பனிஸ்கூட்டரில் முன்னால் போய், விருந்தாளிகளை மலைச்சரிவுகளுக்குக் கூட்டிக்கொண்டு போவது அவர் வேலை. டூட்டிங் அண்ணை சுவிஸில் ஒரு மலையுச்சி ஹோட்டலுக்கு அதே மாதிரி மிசினில் உருளைக்கிழங்கும் காஸ் சிலிண்டரும் ஏற்றியவர். பிள்ளைகள் இங்கிலீஷில் படிக்கவேண்டும், தமிழும் விட்டுப்போகக்கூடாது என்று இரண்டு குடும்பமும் லண்டனுக்கு மாறின. அதற்குப் பிறகு பனி அவர்களுக்கு வெறும் கதையாகிப்போனது.

பனிஸ்கூட்டர் என்றதும் நான் முதலில் நினைத்தது இரண்டு சில்லு ஸ்கூட்டரைத்தான். அண்ணை படம் காட்டிய பிறகுதான் விளங்கியது. முன்னால் இரண்டு சறுக்குப் பலகைகள். பின்னால் யுத்த டாங்கிக்கு இருப்பதுபோலச் சுற்றுகிற அகலமான ரப்பர்ப் பட்டை ஒன்று. மேலே மோட்டார் சைக்கிளின் இருக்கை.

அந்த இலையுதிர்காலத்தில் பழைய முதலாளி அண்ணையைத் தொலைபேசியில் கூப்பிட்டார். தையிலிருந்து சித்திரை வரைக்கும் வரமுடியுமா, சொந்த மிசினோடு வந்தால் நல்லது என்று கேட்டிருந்தார். அண்ணை அன்றைக்கே மனத்தால் போய்விட்டார். அக்கா ஓம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அக்கா போகவிடுவாரா, மாட்டாரா என்பதுதான் அந்த வீட்டில் அப்போது இருந்த ஒரே கேள்வி.

இல்லை என்று சொல்வதும் அவருக்குச் சுலபமாக இருக்கவில்லை. அந்த ஆண்டு மே மாதத்தில் ஊரில் யுத்தம் முடிந்த விதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் செய்தி பார்ப்பதில்லை. அண்ணை வேலை முடிந்து வந்தாலும் உடனே இறங்கமாட்டார். வாசலில் நிறுத்திய வானுக்குள் கொஞ்ச நேரம் இருப்பார். ஒருநாள் நான் போய்க் கண்ணாடியைத் தட்டினேன்.

"தம்பி, அங்க மலையில எஞ்சினை நிப்பாட்டினா ஒண்டும் கேக்காது. இஞ்ச மண்டைக்குள்ள ஓயாமல் ஆரோ கதைக்கினம்" என்றார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைச் சண்டையில் இந்தப் பேச்சு எதுவும் வராது. அங்கே எஞ்சின் மட்டும்தான்.

"மாப்பனிக்கு ரெண்டு ஸ்ட்ரோக்தான் மச்சான். விசையை அமத்தினவுடன பறக்கும்" என்பார் அண்ணை.

"பறக்கும், புகையும் சேர்ந்து பறக்கும். பெற்றோலோட ஒயிலையும் குடிக்கிற எஞ்சினை இந்தக் காலத்தில ஆரும் வாங்குவினமோ அத்தான்?"

"உம்மட நாலு ஸ்ட்ரோக் மிசினோ? அது எருமை."

"எருமை எண்டாலும் காலமை சாவியைத் திருப்பினா எழும்பி நிக்கும். உங்கட மான்குட்டிக்கு பிளக் துடைச்சு, தடவி, தாலாட்டுப் பாடோணும்."

மாப்பனி என்பது அவர்கள் இருவரும் வைத்துக்கொண்ட பேர். மலையில் குளிரோடு காய்ந்து விழுகிற பனி, வறுத்த அரிசிமாவைப் போல உதிரியாக இருக்குமாம். கையை வைத்தால் முழங்கை வரைக்கும் போகும், உருட்டினால் உருளாது. லண்டனில் விழுவது குழைத்த மா என்று டூட்டிங் அண்ணை சொல்வார். அதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து.

ஒரு ஞாயிறு அக்கா அகப்பையோடு வந்து நடுவில் நின்றார். "போதும். ரெண்டு பேரும் கத்தி எனக்குக் காது அடைச்சுப் போச்சு. தம்பி எஞ்சின்தானே படிக்கிறார். தம்பி சொல்லட்டும், எது நல்லது எண்டு."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா கையெழுத்துக்குப் பெருவிரல் வைப்பவர். அம்மா பேருந்தை இலக்கம் பார்த்து ஏறமாட்டார், சாரதியின் முகம் பார்த்து ஏறுவார். அதனால் பத்து வயதிலிருந்தே எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கேட்டார்கள். படித்தவனுக்குத் தெரியாதது இருக்கும் என்று எங்கள் ஆட்கள் நம்புவதில்லை. லண்டனிலும் அது மாறவில்லை. கவுன்சில் கடிதம், குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல், பிள்ளையின் கையில் தடிப்பு, எல்லாம் என்னிடம் வரும். எனக்கும் தெரியாது என்று சொல்ல வாய் வராது, போய்ப் படித்துவிட்டு வருவேன்.

இதையும் படித்தேன். கல்லூரி நூலகத்தில் பனிஸ்கூட்டருக்கென்று புத்தகம் இல்லை. எஞ்சின் புத்தகங்கள் இருந்தன. மிச்சத்தைக் கணினியில் தேடினேன். கனடாவிலும் நோர்வேயிலும் இருக்கிற வெள்ளைக்காரர்களும் இதே சண்டையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சமையலறையில் நடந்ததை விட அவர்களுடைய வார்த்தைகள் மோசமாக இருந்தன.

அடுத்த ஞாயிறு சாப்பாடு முடிந்ததும் அக்காவிடம் ஒரு தாம்பாளம் கேட்டேன். அதில் வறுத்த மாவைக் கொட்டிப் பரப்பினேன்.

"ஐயோ தம்பி, புட்டுக்கு வறுத்த மா அது!"

"திருப்பி அரிச்சு எடுக்கலாம் அக்கா."

மாவின் மேல், தகரத்தில் அடைத்து விற்கிற மீன் ரின்கள் இரண்டை வைத்தேன். ஒன்று வெறும் ரின், மற்றது மீன் உள்ளே இருப்பது. இரண்டுக்கும் நூல் கட்டி இழுத்தேன். வெறும் ரின் மேலால் வழுக்கிக்கொண்டு வந்தது. மீன் ரின் மூக்கைக் குத்தி, மாவை உழுதுகொண்டு பாதியில் நின்றது.

"நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில வால்வும் அதை ஆட்டுற சாமானும் இருக்கு. பாரம் கூட, அந்தப் பாரம் முன்னுக்கு. ரெண்டு ஸ்ட்ரோக் ஒவ்வொரு சுத்துக்கும் ஒருக்கா வெடிக்கும், நாலு ஸ்ட்ரோக் ரெண்டு சுத்துக்கு ஒருக்காத்தான். அதே பலத்தைத் தர அது இன்னும் பெரிசா இருக்கோணும்" என்றேன்.

டூட்டிங் அண்ணை மீன் ரின்னைத் தூக்கிப் பார்த்தார். "ரின்னுக்கு எஞ்சின் இருக்கோ தம்பி? நாலு ஸ்ட்ரோக்குக்கு டர்போ பூட்டினா மலையில காத்து மெலிஞ்சாலும் பலம் குறையாது. அதைப் படிக்கேல்லையோ?"

"படிச்சனான். அது உண்மை. ஆனா டர்போவும் பாரம்தானே அண்ணை. இறுகின தடத்தில, தூரம் போக, சாமான் ஏத்த நாலு ஸ்ட்ரோக் நல்லது. சத்தம் குறைவு, பெற்றோல் குறைவு, கன காலம் ஓடும். தடமில்லாத மாப்பனியில, ஏத்தத்தில, ரெண்டு ஸ்ட்ரோக்."

அண்ணை எழுந்து என் முதுகில் தட்டினார். டூட்டிங் அண்ணை, "வீட்டுக்காரர் சொன்னதை வாடகைக்காரர் திருப்பிச் சொல்லுறார்" என்றார். எல்லாரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. மாவை அரிதட்டில் போட்டபடி சொன்னார்: "நல்லது. அப்ப அந்த மிசினையே எடுங்கோ. கொண்டுவந்து அம்மனுக்குக் காட்டுவம். தேசிக்காய் மிதிச்சு நல்லபடி வந்திட்டா நான் மறிக்கமாட்டன்."

அண்ணைக்கு அது போதுமாக இருந்தது. புது வாகனம் எடுத்தால் வெஸ்ட் ஈலிங் கோயிலுக்குக் கொண்டுபோய், சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, நசித்துக்கொண்டு ஓட்டுவது எங்கள் ஆட்களின் வழக்கம். அண்ணையின் வான், அதற்கு முன் இருந்த கார், மகளின் சைக்கிள் கூட அப்படி நசித்துத்தான் வீட்டுக்கு வந்தவை.

மிசின் ஸ்கொட்லாந்திலிருந்து வந்தது, பழையது. பனிச்சறுக்கு இடம் ஒன்றில் வேலை செய்தது. அண்ணை வானின் பின்னால் இழுவை வண்டி பூட்டிக்கொண்டு போய் எடுத்துவந்தார். பின்வளவில் இறக்கி, எஞ்சினை ஒரு நிமிடம் உறுமவிட்டு நிறுத்தினார். அந்த நீலப்புகையும் எரிந்த ஒயிலின் இனிப்பு மணமும் துவைத்துக் காயப்போட்ட பள்ளிக்கூடச் சட்டைகளில் ஏறின. பிள்ளைகள் வரிசையாக ஏறி இருந்து பார்த்தார்கள். அண்ணை அன்றைக்கு வானுக்குள் தனியே இருக்கவில்லை. இருட்டும்வரை மிசினைத் துடைத்துக்கொண்டிருந்தார், மெல்லிய குரலில் ஏதோ பாடினார். அக்கா ஜன்னலால் பார்த்தார். என்னைக் கண்டதும் திரைச்சீலையை இழுத்துவிட்டார்.

கோயிலுக்குப் போன நாள் நல்ல வெயில். மிசினை வாகன நிறுத்தத்தில் இறக்கியதும் பெரிய கூட்டம் கூடிவிட்டது. ஐயர் தட்டத்தோடு வந்து, குனிந்து இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இதுக்குச் சில்லு எங்க?"

"சில்லு இல்லை ஐயா" என்றார் அண்ணை.

"அப்ப தேசிக்காயை எங்க வைக்கிறது?"

டூட்டிங் அண்ணை பை நிறையத் தேசிக்காயோடு நின்றார். "எங்க எண்டாலும் வையுங்கோ ஐயா. கடைச் சாமான், குறையாது."

பலகைகளுக்கு முன்னால் இரண்டு, பட்டைக்குக் கீழே இரண்டு என்று முடிவானது. கற்பூரம் காட்டி, சந்தனம் வைத்து, மாலை போட்டார்கள். அண்ணை எஞ்சினைப் போட்டார். கற்பூரப் புகையை ஒயில் புகை தோற்கடித்தது. மிசின் நகர்ந்தபோது பட்டையின் கீழிருந்த தேசிக்காய்கள் நசிந்தன. பலகைக்கு முன்னாலிருந்தவை நசியவில்லை, பலகை தள்ள உருண்டு உருண்டு முன்னால் போயின. பிள்ளைகள் துரத்திப் பிடித்துவந்து திரும்ப வைத்தார்கள். மூன்றாம் முறை டூட்டிங் அண்ணை சப்பாத்துக் காலால் மிதித்து, "நசிஞ்சிட்டுது ஐயா, நசிஞ்சிட்டுது" என்றார்.

"நல்லது. ஒருக்காச் சுத்திக்கொண்டு வாங்கோ" என்றார் ஐயர். எல்லா வாகனத்துக்கும் சொல்வதைத்தான் சொன்னார்.

அண்ணை என்னைப் பார்த்தார். "தம்பி, தார்த் தரையில இது ஏலாது" என்று தணிந்த குரலில் சொன்னார். அது எனக்கும் தெரியும். ஆனால் அக்கா கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். அம்மனுக்கு முன்னால், இத்தனை சனத்துக்கு முன்னால், தன் மிசின் சுற்றிவராது என்று அவர் எப்படிச் சொல்வார்? அண்ணை போனார்.

பலகைகளின் கீழிருந்த இரும்புக் கம்பிகள் தாரில் கீறிக் கிரீச்சிட்டன. "அண்ணை, நிலம், நிலம்!" என்று ஒரு தொண்டர் கத்திக்கொண்டு பின்னால் ஓடினார். முதல் திருப்பம் வரைக்கும் சரியாகப் போனது. இரண்டாவதில் பிளாஸ்டிக் எரிகிற மணம் வந்தது. கைப்பிடிக்கு முன்னால் சூட்டைக் காட்டுகிற சிவப்பு விளக்கு எரிய, அண்ணை எஞ்சினை நிறுத்தினார்.

பிறகு ஒரு வயதான அம்மா, "அம்மாளாச்சி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அக்கா கண்ணைத் திறந்தார். மிசின் பாதியில் நிற்பதைப் பார்த்தார். நேரே போய் வானுக்குள் ஏறி இருந்தார்.

நானும் பின்னால் போனேன். கதவைத் திறந்ததும், "அம்மன் மறிச்சிட்டா தம்பி. இனிக் கதையில்லை" என்றார்.

"அக்கா, அது பழுதாகேல்லை. சூடாகிட்டுது."

"நீர் அண்ணைக்காகக் கதைக்காதையும்."

"இல்லை அக்கா. காருக்கு முன்னுக்கு ரேடியேட்டர் இருக்கு, காத்துப் பட்டு ஆறும். இதுக்கு அது இல்லை. அந்தப் பட்டை பனியை அள்ளி மேல எறியும், அந்தப் பனி பட்டுத்தான் ஆறும். பட்டை வழுக்கிறதுக்கும் பனிதான் எண்ணெய். கறிச்சட்டியில தண்ணி வத்தினா அடிப்பிடிக்கும். அது சட்டியின்ர பிழையோ?"

ஜன்னலடியில் டூட்டிங் அண்ணை வந்து நின்றார். நக்கலடிக்கப்போகிறார் என்று பயந்தேன். "தம்பி சொல்லுறது சரி அக்கா. என்ர நாலு ஸ்ட்ரோக் எண்டாலும் உதிலதான் நிண்டிருக்கும்" என்றார்.

அக்கா என்னையே பார்த்தார். "அப்ப பனியில நிக்காது?"

ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் அக்கா அதை என்னிடம் கேட்டார், நான் படித்தவன் என்பதற்காகக் கேட்டார். "நிக்காது எண்டு சொல்ல எனக்கு ஏலாது அக்கா. எந்த எஞ்சினும் ஒருநாள் நிக்கும். இல்லாட்டி ஆழத்தில புதையும்."

"புதைஞ்சா?"

"ரெண்டு பேர் எண்டா இழுத்து எடுக்கலாம். ஒராள் எண்டா நடக்கோணும்."

"ஒருக்கா நடந்தவர்" என்றார் அக்கா. கையிலிருந்த விபூதிக் காகிதச் சரையை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே சொன்னார். "மூத்தவள் வயித்தில. மத்தியானம் வாறன் எண்டிட்டுப் போனவர், ஆளைக் காணேல்லை. விடுதியின்ர புது மிசின், நாலு ஸ்ட்ரோக். நான் ஜன்னலடியில நிண்டு நிண்டு கால் வீங்கிப் போச்சு. பொழுதுபட நடந்து வாறார், கண் இமையெல்லாம் பனி. வந்து முதல் சொன்னது என்ன தெரியுமோ? எஞ்சினில ஒரு பிழையும் இல்லையாம், நல்ல எஞ்சினாம். நான் கேட்டது எஞ்சினையோ தம்பி?"

இத்தனை ஞாயிறும் நாங்கள் மூன்று பேரும் எதைப் பற்றிச் சண்டை பிடித்தோம் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. டூட்டிங் அண்ணை ஜன்னல் விளிம்பில் வைத்திருந்த கையை எடுத்தார். இந்தக் கதை அவருக்கும் புதிது.

அண்ணை கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். தேர்வு முடிவு பார்க்க வந்த பிள்ளையின் முகம். "உமக்கு விருப்பமில்லாட்டி வித்துப்போடுறன்" என்றார். அவர் மனமாரத்தான் சொன்னார்.

அக்கா அவரைப் பார்த்துவிட்டுத் தன் தம்பியிடம் திரும்பினார். "விடுதியில சாமான் ஏத்துற பழைய மிசின் இருக்கெல்லோ. அது நாலு ஸ்ட்ரோக்தானே?"

"ஓம், அத்தான் சொன்னவர். ஏன் அக்கா?"

"நீயும் போறாய்."

"நானோ? கடை?"

"கடையை உன்ர மனிசி உன்னை விட நல்லாப் பாப்பாள்." பிறகு அண்ணையிடம் சொன்னார்: "அம்மன் உங்களை மறிக்கேல்லை. தனியப் போறதைத்தான் மறிச்சவ. ரெண்டு பேரும் எண்டா போங்கோ."

எனக்கு அப்போதுதான் ஒன்று தோன்றியது. பாரமில்லாதது முன்னால் போய் மாப்பனியில் தடம் போடட்டும். பாரமானது அந்த இறுகிய தடத்தில் பின்னால் வரட்டும், இழுக்கிற கயிறு அதில் இருக்கட்டும் என்றேன். அண்ணை யோசித்துத் தலையாட்டினார்.

"அப்ப நான் உவருக்குப் பின்னாலயோ?" என்றார் டூட்டிங் அண்ணை. "இவ்வளவு நாளும் கத்தினது உதுக்கோ?"

"எருமை பின்னாலதான் வரும் மச்சான்" என்றார் அண்ணை. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

ரப்பர்ப் பட்டை வழுக்கி ஓடுகிற பிளாஸ்டிக் கீற்றுகள்தான் உருகியிருந்தன, அவற்றை மாற்றுவது பெரிய வேலையாக இருக்கவில்லை. பின்வளவில் நானும் அண்ணையும் ஒரு பின்னேரத்தில் மாற்றினோம். தை பிறந்ததும் இருவரும் மிசினை இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வானில் புறப்பட்டார்கள். அக்கா கட்டிக்கொடுத்த பார்சல்களில் வறுத்த மா, மிளகாய்த்தூள், பருத்தித்துறை வடை எல்லாம் இருந்தன. டூட்டிங் அண்ணை ஓட்டியவாறே கையை வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டு போனார், தெரு முனை திரும்பும் வரைக்கும்.

நான் அந்த வீட்டை விட்டு வந்து இப்போது சில வருடங்கள் ஆகின்றன. என் மேசையில் இப்போதும் எஞ்சின்கள் பற்றிய கேள்விகள் வருகின்றன. அவற்றுக்குச் சம்பளமும் தருகிறார்கள். ஆனால் யாரும் தாம்பாளத்தில் மா கொட்ட விடுவதில்லை. பனி விழுகிற நாட்களில் அந்தச் சமையலறை வந்துவிடும், அவர்கள் புறப்பட்ட பிறகு வந்த முதல் ஞாயிறும் வரும்.

அன்றைக்கும் கறி அடுப்பில் இருந்தது. அக்கா காலையிலிருந்து நின்றபடியே ஏதோ செய்துகொண்டிருந்தார். துடைத்த மேசையைத் திரும்பத் துடைத்தார். மத்தியானம் தொலைபேசி அடித்தது. எல்லாருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி வைத்தேன்.

"வந்து சேர்ந்திட்டம் அக்கா. இண்டைக்கு முதல் தரம் மேல போய் இறங்கினனாங்கள்" என்றது டூட்டிங் அண்ணையின் குரல்.

"ஆர் முன்னால போனது?"

"அத்தான்தான். நான் பின்னால புகை குடிச்சுக்கொண்டு வந்தனான்."

"புதைஞ்சதோ?"

"உங்கட மனிசன் ஒருக்காப் புதைச்சார். நான் இழுத்தனான். எழுதி வையுங்கோ, நாலு ஸ்ட்ரோக்தான் இழுத்தது."

பின்னால் அண்ணை ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. அக்கா தொலைபேசியைப் பிள்ளைகளிடம் கொடுத்தார். அடுப்பைக் குறைத்தார். பிறகு ஒரு கதிரையை இழுத்துப்போட்டு, அன்றைக்கு முதல் தடவையாக உட்கார்ந்தார்.